பழைய பைன் தரைப்பலகை: இனம் காண்பதிலிருந்து திரும்பப் பதிப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நம் ஊரில் பைன் என்றாலே பேக்கிங் பெட்டி மரம்தான். அந்த நினைப்போடு அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பழைய வீடு வாங்கும் நம் ஆட்கள் பலர், கார்ப்பெட்டைக் கிழித்ததும் அடியில் தெரிகிற பலகையைப் "பைன்தானே" என்று உடைத்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். இன்னொரு பக்கம் "ஹார்ட் பைன்" என்ற பேரைக் கேட்டு, பழைய மரக் கடையில் ஓக்கைவிட அதிக விலை கொடுத்துச் சாதாரண மஞ்சள் பைனை ஏற்றிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. இரண்டு நஷ்டத்துக்கும் காரணம் ஒன்றுதான்: கையில் இருப்பது என்ன மரம் என்று முதலில் பார்க்கவில்லை.

புதிதாக இறங்குகிறவர்கள் வழக்கமாகத் தேய்ப்பு மெஷினை வாடகைக்கு எடுப்பதில்தான் ஆரம்பிக்கிறார்கள். மெஷின் வர வேண்டியது கிட்டத்தட்டக் கடைசியில். முதலில் இனம், அடுத்து மிச்சமிருக்கும் கனம், அடுத்து ஈயமும் ஆஸ்பெஸ்டாஸும், அதற்கப்புறம்தான் கடப்பாரை. இந்த வரிசையை மாற்றினால் பணம் மட்டுமல்ல, வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்கள் உடம்பும் கெடும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இனம் காண: நல்ல கூர்மையான உளி அல்லது பிளேடு, 10 மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ், அங்குல ஸ்கேல், சமையலறைத் தராசு. கழற்ற: தட்டையான கடப்பாரை இரண்டு (ஒன்று நெம்ப, இன்னொன்று எழும்பிய இடம் திரும்பப் படியாமல் தாங்க), ஆணி பிடுங்கும் குறடு, ஆணியை உள்தள்ளும் பஞ்ச், கையடக்க மெட்டல் டிடெக்டர். பிறகு மரத்தில் குத்திப் பார்க்கும் ஈரமானி ஒன்று. தூசுக்குச் சாதாரணத் துணி மாஸ்க் போதாது. நுண்தூசைத் தடுக்கும் பி100 ஃபில்டர் போட்ட ரெஸ்பிரேட்டரும் (முகக்கவசம்), அதே மாதிரி நுண்தூசைப் பிடிக்கும் ஹெப்பா வாக்குவமும் வேண்டும்.

ஈரமானியை மட்டும் தவிர்க்காதீர்கள். விலையைப் பார்த்து அதை விட்டுவிடுகிறவர்கள்தான் முதல் குளிர்காலத்தில் பலகைகளுக்கு நடுவே காசு செருகும் அளவு இடைவெளி விழுந்துவிட்டது என்று வந்து நிற்கிறார்கள்.

2. இது என்ன மரம்?

கிழக்குப் பகுதி வீடுகளில் பெரும்பாலும் எதிர்ப்படுவது மூன்று. தென் மாநிலங்களின் மஞ்சள் பைன் ஒன்று. அதில் முற்றிய லாங்லீஃப் மரத்தின் வைரப் பகுதிதான் (நடுவிலுள்ள முற்றிய, கருத்த மரம்) ஹார்ட் பைன். இரண்டாவது ஈஸ்டர்ன் ஒயிட் பைன். நியூ இங்கிலாந்துப் பக்கத்துப் பழைய வீடுகளில் பத்து அங்குலத்துக்கு மேல் அகலமாகக் கிடக்கிற பலகை பெரும்பாலும் இது. மூன்றாவது டக்ளஸ் ஃபர். இது பைனே அல்ல. மேற்குக் கரையில் அதிகம் என்றாலும் ரயிலேறிக் கிழக்கேயும் நிறைய வந்திருக்கிறது, பார்த்ததும் பைன் என்றே தோன்றும்.

மேல்பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நூறு வருட வார்னிஷும் வெயிலும் எல்லா மரத்தையும் ஒரே தேன் நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும். பலகையின் வெட்டு முனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நகத்தகலம் கூர்மையான உளியால் சீவி, துளி தண்ணீர் தொட்டு வையுங்கள். இயந்திரத்தால் அறுத்தால் தூசு பறக்கும், பழைய பெயின்டில் என்ன இருக்கிறது என்று இன்னும் தெரியாது. அதனால் இப்போதைக்குக் கை உளி மட்டும்.

சீவிய முனையில் முதலில் பார்க்க வேண்டியது வளையங்கள். ஒவ்வொரு ஆண்டு வளையத்திலும் வெளிர் பட்டை ஒன்று, கரும் பட்டை ஒன்று இருக்கும். வெளிரிலிருந்து கருமைக்குச் சட்டென்று கோடு போட்டதுபோல் மாறினால் அது மஞ்சள் பைன் அல்லது டக்ளஸ் ஃபர். மெல்ல மெல்லக் கரைந்து மாறினால் ஒயிட் பைன். ஒயிட் பைனில் கரும் பட்டை அவ்வளவு மெலிதாக இருப்பதால்தான் அந்த மரம் முழுக்க ஒரே சீராக மென்மையாக இருக்கிறது.

அடுத்து லென்ஸை வைத்துப் பிசின் துளைகளைத் தேடுங்கள். பைன்களில் இவை பெரிதாக, தனித்தனியாக, நிறைய இருக்கும். ஒயிட் பைனில் லென்ஸ் இல்லாமலேகூடத் தெரியும். டக்ளஸ் ஃபரில் மிகச் சிறிதாக, சில இடங்களில் மட்டும், வளையத்தை ஒட்டியே இரண்டு மூன்றாகச் சேர்ந்து நிற்கும். மஞ்சள் பைனையும் ஃபரையும் பிரிக்க இதைவிட நம்பகமான வழி வீட்டில் கிடையாது. நிறமும் கொஞ்சம் கைகொடுக்கும்: புதிதாகச் சீவிய ஹார்ட் பைன் செம்பழுப்பு, ஃபர் ரோஜா கலந்த ஆரஞ்சு, ஒயிட் பைன் வெளிர் கிரீம்.

வாசனையையும் விடாதீர்கள். ஹார்ட் பைனைச் சீவியதும் டர்பன்டைன் வாடை மூக்கில் ஏறும், நூறு வருடம் ஆனாலும் அது போவதில்லை. வைரம் பாய்ந்த துண்டாக இருந்தால் சீவல் விரலில் ஒட்டும்.

இப்போது தராசு. 12 அங்குல நீளம், 3 அங்குல அகலம், முக்கால் அங்குல கனம் உள்ள துண்டு ஒன்று வீட்டுக்குள் காய்ந்த நிலையில் லாங்லீஃபாக இருந்தால் 290 கிராம் வாக்கில் நிற்கும், டக்ளஸ் ஃபர் 225, ஒயிட் பைன் 180. துண்டு வேறு அளவில் இருந்தால் கன அளவைக் கணக்குப் போட்டு இந்த விகிதத்துக்குக் கொண்டுவாருங்கள். பிசின் நிறைந்த பழைய வைரம் 300ஐயும் தாண்டும். மரத்துக்கு மரம் எடை மாறும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. வளையம், பிசின் துளை, எடை மூன்றும் ஒரே பக்கம் காட்டினால் நம்பலாம்.

கடைசியாக எண்ணிக்கை. ஸ்கேலை வளையங்களுக்குக் குறுக்கே வைத்து, ஓர் அங்குலத்தில் எத்தனை என்று எண்ணுங்கள். பழைய காட்டு மரத்தில் பதினைந்து, இருபது, அதற்கு மேலும் சாதாரணமாக வரும். மெதுவாக வளர்ந்த மரம் அது. இன்றைய தோட்ட மரத்தில் நாலைந்துதான். விற்கிறவர் "லாங்லீஃப்" என்று அடித்துச் சொன்னால் அதை வைத்து விலை பேசாதீர்கள். லாங்லீஃப், ஷார்ட்லீஃப், லாப்லாலி, ஸ்லாஷ் என்ற தென் மாநில மஞ்சள் பைன்களைப் பலகையாக அறுத்த பிறகு கண்ணால் பிரிப்பது யாராலும் முடியாத காரியம். கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான்: அங்குலத்துக்கு எத்தனை வளையம்? அகலத்தில் எவ்வளவு வைரம், எவ்வளவு வெளுத்த ஓரம்? வெளுத்த ஓரம்தான் பூச்சி அரிக்கிற பகுதி, மென்மையும் அதிகம்.

கடினத்தைப் பொறுத்தவரை, ஜங்கா அளவில் பழைய ஹார்ட் பைனுக்கு 1225 என்று சொல்வார்கள், ரெட் ஓக் 1290, ஒயிட் பைன் வெறும் 380. அதாவது முதலாவது ஓக்குக்குப் பக்கத்தில் நிற்கிற மரம், கடைசியில் சொன்னது கட்டை விரல் நகத்துக்கே பதிகிற மரம். ஆனாலும் ஒயிட் பைன் கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். அந்த அகலத்தில் பலகை இன்று எளிதில் கிடைக்காது. படுக்கையறை, படிக்கும் அறை என்று செருப்பில்லாமல் நடக்கிற இடத்தில் போடுங்கள், அங்கே அது காலத்துக்கும் நிற்கும். சமையலறைக்கு வேண்டாம்.

3. எவ்வளவு கனம் மிச்சமிருக்கிறது?

உங்கள் வீட்டிலேயே கிடக்கும் தரை என்றால், ஹீட்டர் காற்று வரும் இரும்புச் சல்லடையைத் தூக்கிப் பாருங்கள். பலகையின் குறுக்குவெட்டு அங்கே அப்படியே தெரியும்.

நாக்கும் காடியுமாக (ஒன்றின் ஓரத்தில் நீட்டிய நாக்கு அடுத்ததன் ஓரத்துப் பள்ளத்தில் செருகும்படி) சேரும் பலகையில் மொத்தக் கனம் முக்கியமில்லை, காடிக்கு மேலே இருக்கிற உதடுதான் கணக்கு. அது 3 மிமீக்குக் குறைந்திருந்தால் இன்னொரு முறை முழுத் தேய்ப்பைத் தாங்காது. உதடு பிளந்து நீளநீளமாகச் சிம்புகள் எழும். ஆணித் தலைகள் வெளியே எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தாலும் அதே அர்த்தம்தான். அப்படிப்பட்ட தரையைக் கழற்றுவதும் வீண், தேய்ப்பதும் வீண். கழுவி, லேசாக உரசி, மேல்பூச்சு மட்டும் கொடுத்து வாழவிடுங்கள்.

4. ஈயம், ஆஸ்பெஸ்டாஸ்: இதை முடிக்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்

அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 1978ல் தடை செய்யப்பட்டது. அதற்கு முந்தைய வீடு என்றால் பெயின்டில் மட்டுமல்ல, பழைய தரை வார்னிஷிலும் ஈயம் இருக்கலாம். பெயின்ட் சில்லு ஒன்றை எல்லா அடுக்கும் சேரும்படி சுரண்டி அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கடையில் விற்கிற தடவிப் பார்க்கும் குச்சி அவசரத்துக்கு உதவும், ஆனால் அது "இல்லை" என்று காட்டினால் அதையே முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஈயம் இருந்தால் உலர் தேய்ப்பு கூடாது. தரை தேய்க்கிற பெரிய உருளை மெஷினான டிரம் சாண்டரின் ஒரு மணி நேர வேலை வீடு முழுக்க ஈயத் தூசைப் பரப்பிவிடும். தவழ்கிற குழந்தை அதைக் கையால் தொட்டு வாயில் வைக்கும். ஈய வேலைக்குச் சான்றிதழ் பெற்ற ஆட்களிடம் விடுவதே சரி.

பலகை மேல் கறுப்பு நிறத்தில் தார் மாதிரி பசை காய்ந்து கிடக்கிறதா, அல்லது 9 அங்குலச் சதுர டைல்கள் ஒட்டியிருக்கின்றனவா? ஆஸ்பெஸ்டாஸாக இருக்க நிறைய வாய்ப்பு. சுரண்டாமல், உடைக்காமல் சோதனைக்குக் கொடுங்கள். பழைய மரக் கடையில் கறுப்புப் பசை ஒட்டிய பலகை மலிவாகக் கிடைத்தால், அதற்குக் காரணமும் இதுதான்.

5. உடையாமல் கழற்றுவது

தரை போடுகிறவர்கள் காடியைச் சுவர்ப் பக்கம் வைத்து ஆரம்பித்து, நாக்கின் மேல் சாய்வாக ஆணி அடித்துக்கொண்டே அறையின் குறுக்கே போவார்கள். அதனால் கழற்றுவது தலைகீழ்: கடைசியாகப் போட்ட சுவரிலிருந்து, நாக்குப் பக்கமாக. காடிப் பக்கமாக நெம்பினால் பக்கத்துப் பலகையின் நாக்கு அதற்குள் மாட்டியிருப்பதால் காடியின் கீழுதடு முறிந்துவிடும். பத்துப் பலகையில் ஏழெட்டை வீணாக்குகிற தப்பு இதுதான்.

முதலில் சுவரோரப் பட்டையை எடுத்துவிடுங்கள். எந்தச் சுவர் கடைசிச் சுவர் என்று தெரியவில்லையென்றால், எந்தப் பக்கம் பலகையை நீளவாக்கில் அறுத்துப் பொருத்தியிருக்கிறார்கள், மேலிருந்து ஆணி அடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு வரிசையைப் பலி கொடுத்துத்தான் ஆக வேண்டும். நடுவே நீளமாக அறுத்து எடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஒவ்வோர் ஆணிக்கும் நேர் கீழே கடப்பாரையை வைத்து அரை அங்குலம் மட்டும் தூக்கி, அடுத்த ஆணிக்கு நகருங்கள். ஒரு முனையை முழுக்கத் தூக்கிவிட்டு மீதியை இழுப்பது வேண்டாம். காய்ந்த பைன் வளையாது, கணு இருக்கிற இடத்தில் பட்டென்று போய்விடும்.

பழைய வீடுகள் பலவற்றில் அடித்தரை (தரைப்பலகைக்குக் கீழே போடும் இன்னொரு தளம்) கிடையாது, பலகை நேராகத் தரையைத் தாங்கும் சட்டத்தின் மேல்தான். மூன்று வரிசை கழற்றியதும் உங்கள் கால் கீழ்வீட்டுக் கூரைப்பூச்சின் மேல் இருக்கும். நிற்க ஒரு பிளைவுட் பலகையைச் சட்டங்களின் மேல் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள்.

6. ஆணி எடுப்பது

மேல்பக்கம் காயப்படக் கூடாது என்றால் ஆணியை அடிப்பக்கமாகவே இழுக்க வேண்டும். குறடால் நுனியைப் பிடித்து, குறட்டை உருட்டி இழுத்தால் தலை சின்னதாக இருக்கும் ஆணிகள் மரத்தைத் துளைத்துக்கொண்டே வந்துவிடும். நாக்கில் ஒரு சிறு ஓட்டை விழும், பரவாயில்லை.

தட்டையாக, ஆப்பு மாதிரி குறுகிக்கொண்டு போகிற வெட்டாணிகள் வேறு ரகம். 1890 வாக்கில் கம்பி ஆணி ஜெயிக்கும் வரை இவைதான் ஓடின. இதை இழுக்கக் கூடாது, நுனியைத் தட்டி வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டும். கால் அங்குலம் நகர்ந்தாலே மொத்தமும் தளர்ந்துவிடும்.

முடிந்ததும் இரண்டு பக்கமும் மெட்டல் டிடெக்டர். ஒடிந்து உள்ளே நின்ற துண்டு கண்ணுக்குத் தெரியாது, இழைப்பு இயந்திரத்தின் கத்திக்குத்தான் தெரியும்.

7. பூச்சி, பிசின், ஈரம்

வெளுத்த ஓரத்தில் துளைகள் இருந்தால், பலகையைக் கறுப்புத் தாளின் மேல் தட்டுங்கள். பழைய துளை என்றால் மங்கிய, கட்டிப்போன தூசு வரும். வெளிறிய புது மாவு கொட்டினால் உள்ளே உயிர் இருக்கிறது என்று சந்தேகப்பட்டுத் தனியே வையுங்கள். கால் அங்குலத்துக்கு நீள்வட்டத் துளை இருந்தால் அது பைனின் வெளுத்த பகுதியைத் தின்கிற பெரிய வண்டு.

வாங்கும் பலகையாக இருந்தால் கில்னில் (மரம் உலர்த்தும் சூட்டறை) சூடேற்றியதா என்று கேளுங்கள். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் இருந்தால் பூச்சியும் முட்டையும் செத்துவிடும். அதோடு விடாமல் 71 டிகிரி வரை ஏற்றினால் பிசினும் இறுகிவிடும். இல்லையென்றால் வெயில் விழுகிற ஜன்னலோரத்தில் பூச்சைத் துளைத்துக்கொண்டு முத்து முத்தாக வெளியே வரும்.

ஈரம் அடுத்தது. சூடேற்றும் வீடுகளில் மரம் 6 முதல் 9 சதவீதத்தில் அமரும். மூன்று அங்குலமும் அதற்கு மேலும் அகலமான பலகைக்கும் அடித்தரைக்கும் வித்தியாசம் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். குறுகலான பட்டைக்கு 4 வரை போகலாம். கிடங்கிலிருந்தோ பண்ணைக் கொட்டகையிலிருந்தோ வந்த மரம் இதைவிட ஈரமாகத்தான் வரும். அறைக்குள்ளேயே, முக்கால் அங்குலக் குறுக்குக் கட்டை வைத்து, காற்றோட்டமாக அடுக்குங்கள். ஒரு வாரம், இரண்டு வாரம் என்று நாளை எண்ணாதீர்கள். சில நாள் இடைவெளியில் எடுத்த அளவுகள் மாறாமல் நின்றால்தான் மரம் தயார்.

8. இழைப்பதா, விடுவதா?

கனமும் அகலமும் சீராக இருந்தால் இழைக்கவே வேண்டாம். அந்தச் செம்பழுப்பு மேல்தோலுக்குத்தான் இவ்வளவு பாடும். ஒரு மிமீ சீவினாலே பாதி போய்விடும். இழைத்தே ஆக வேண்டும் என்றால் அடிப்பக்கத்தில் ஆரம்பித்துச் சமப்படுத்துங்கள்.

கார்பைட் கத்தி, ஒரு தடவைக்கு முக்கால் மிமீக்கு மேல் வேண்டாம். பிசின் கத்தியில் படிந்து சூடேறினால் மரம் கருகிக் கோடு விழும், அதனால் அடிக்கடி நிறுத்தித் துடையுங்கள்.

பழைய உத்தரத்தை அறுத்துப் பலகை ஆக்குகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: வளையங்கள் அகலமான வளைவாகத் தெரிகிற பலகையில் மரத்தின் பட்டைப் பக்கம் மேலே வர வேண்டும். நடுத்தண்டுப் பக்கம் மேலே வந்தால் கால் படப்பட வளையங்கள் ஓடு ஓடாகப் பெயர்ந்து எழும்.

9. பதிப்பது

தேவையான பரப்பைவிட 15 முதல் 20 சதவீதம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். முனை வெட்டு, பிளவு, கணு என்று அது போய்விடும். அடித்தரை 10 அடி நீளத்தில் 5 மிமீக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது.

பழைய பலகைகள் ஒரே அகலமாகத் தோன்றினாலும் அரை மிமீ, ஒரு மிமீ வித்தியாசம் இருக்கும். அளந்து குவியல் குவியலாகப் பிரித்து, ஒரு வரிசை முழுக்க ஒரே குவியலிலிருந்து போடுங்கள். கலந்து போட்டால் ஐந்தாவது வரிசையில் கோடு கோணும், அப்புறம் எதை அடித்தாலும் நேராகாது.

சட்டங்களுக்குக் குறுக்காகப் போடுங்கள். சுவரோரம் முக்கால் அங்குலம் விட்டுவிடுங்கள், காற்றில் ஈரம் ஏறும் காலத்தில் மரம் விரிவதற்கு. முனைகளில் ஆணிக்குமுன் துளையிடுங்கள். காய்ந்த ஹார்ட் பைன் பிளக்கும், எவ்வளவு நல்ல பலகையோ அவ்வளவு சுலபமாகப் பிளக்கும்.

10. தேய்ப்பது

4ஆம் படியில் ஈயம் இல்லை என்று உறுதியானால் மட்டுமே இந்தப் படி.

தேய்ப்புத் தாளை 36 அல்லது 40ல் ஆரம்பித்து 60, 80, 100 என்று எந்தப் படியையும் தாவாமல் போங்கள். முந்தைய கீறலை அடுத்த தாள் எடுக்க வேண்டும். 40லிருந்து 80க்குத் தாவினால் கீறல் அப்படியே இருக்கும், பூச்சு போட்ட பிறகுதான் கண்ணில் படும்.

பிசின் சூட்டில் இளகித் தாளை அடைத்துவிடும். அடைத்த தாள் வெட்டாது, சூடுதான் ஏற்றும். தாள் செலவைப் பார்க்காமல் மாற்றுங்கள். டிரம் மெஷினை நின்ற இடத்தில் இறக்காதீர்கள், நகரும்போது இறக்கி நகரும்போதே தூக்க வேண்டும்.

வட்டமாகச் சுற்றும் சின்னச் சாண்டரை ஒரே இடத்தில் வைத்து அழுத்தினால் வெளிர் பட்டை குழிந்து கரும் பட்டை மேடாக நிற்கும். ஆணித் துளைகளை மக்கால் (ஓட்டை அடைக்கும் பசை) நிரப்பி மறைக்க வேண்டும் என்றும் இல்லை. துளையைச் சுற்றிய கறுப்பு இரும்புக் கறை இந்த மரத்தின் முகம், நான் அதைத் தொடுவதே கிடையாது.

தூசுப் பையை அன்றன்றைக்கே வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். பிசினும் பழைய வார்னிஷும் கலந்த தூசு தானாகப் பற்றிக்கொள்ளும்.

11. பூச்சு

ஸ்டெயின் வேண்டவே வேண்டாம். வெளிர் பட்டை சாயத்தைக் குடிக்கும், கரும் பட்டை தள்ளிவிடும். இயற்கையாக இருண்டது வெளுத்தும் வெளுத்தது இருண்டும் புகைப்பட நெகட்டிவ் மாதிரி ஆகிவிடும்.

முதலில் மெழுகு நீக்கிய ஷெல்லாக் (அரக்கில் செய்த பூச்சு) ஒரு கை. கணுவிலிருந்தும் வைரத்திலிருந்தும் பிசின் மேலே வருவதை அது தடுக்கும். கடையில் வாங்கும்போது மெழுகு நீக்கியதா என்று டப்பாவில் பாருங்கள். மெழுகுள்ள ஷெல்லாக்கின் மேல் பாலியூரித்தேன் ஒட்டாமல் உரிந்து வரும்.

அதன் மேல் எண்ணெய் வகைப் பாலியூரித்தேன் போட்டால் நிறம் இன்னும் செம்மை ஏறும், ஆனால் வாடை பல நாள் போகாது. தண்ணீர் வகை சீக்கிரம் காயும், நிறத்தை அதிகம் மாற்றாது. ஹார்ட் பைனுக்கு எண்ணெய் வகை, ஒயிட் பைனுக்குத் தண்ணீர் வகை என்பது என் பழக்கம். ஒவ்வொரு கைக்கும் நடுவே லேசாக உரசி, தூசு துடைத்து, மொத்தம் மூன்று கை.

எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், சில மணி நேரத்தில் தானே தீப்பிடிக்கும். வெளியே விரித்து நன்றாகக் காயவையுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய உலோக டப்பாவில் போட்டு மூடி வையுங்கள்.

கம்பளம் விரிக்க அவசரம் வேண்டாம். பூச்சு முழுதாக இறுகச் சில வாரம் ஆகும். அதோடு, புதிதாகத் தேய்த்த ஹார்ட் பைன் வெளிச்சம் பட்டு மாதக்கணக்கில் கருத்துக்கொண்டே போகும். முதல் வாரமே கம்பளம் போட்டால் அடியில் வெளிர் சதுரம் நிற்கும். போட்டே ஆக வேண்டும் என்றால் முதல் வருடம் அடிக்கடி இடம் மாற்றிப் போடுங்கள்.